அக்காவின் லென்ஸும் என் மோதிரமும்

என் அக்கா வந்தால் சொந்தக்காரப் பெண்கள் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள். நகைக்கல் சோதிக்கும் இடத்தில் அவளுக்கு வேலை. கழுத்தில் கயிறு கட்டி எப்போதும் ஒரு லென்ஸ் தொங்கும். அதனால் குடும்பத்தில் அவளுக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பெயர். பாவம், கேட்காமல் அவள் யார் கல்லையும் பார்த்ததே இல்லை.

"கேட்டா உள்ளதச் சொல்லுவேன். கேட்டுட்டு அழக்கூடாது" என்பாள். பெரியம்மா கேட்டார், அழுதார், பிறகு ரொம்ப நாள் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

அவளுக்குப் பிடித்தது டர்க்காய்ஸ், வானத்து நீலத்தில் இருக்கும் கல். அதில் நடக்கும் தில்லுமுல்லுகளைப் பேச ஆரம்பித்தால் சோறு தண்ணி வேண்டாம். வெள்ளைக் கல்லுக்குச் சாயம் ஏற்றினால் விரிசல்களில் நீலம் தேங்கி நிற்குமாம். செயற்கையாகச் செய்தது, நீலப் புள்ளி தெளித்ததுபோல் ஒரே சீராகத் தெரியுமாம். அசலே ஆனாலும் கெட்டியாக்கப் பிசின் ஏற்றியிருந்தால் மெஷின் காட்டிக்கொடுத்துவிடுமாம்.

கல்யாணத்துக்கு என் வீட்டுக்காரர் எனக்குப் போட்டதும் டர்க்காய்ஸ் மோதிரம்தான். வேன் ஓட்டுகிறவர், ஆசையாக வாங்கியது. தூங்கும்போது மட்டும்தான் கழற்றுவேன். நான் பியூட்டி பார்லரில் தலைக்கு எண்ணெய் மசாஜ் செய்கிறவள். கல் கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சையாகிக்கொண்டு வந்தது. மனசு பக்கென்றாலும் அவரிடம் மூச்சு விடவில்லை. ஒரு நாள் காலையில் பார்த்தால் பளிச்சென்று நீலம்! சோப்புப் போட்டுத் தேய்த்ததாகச் சொன்னார். நம்பிவிட்டேன்.

அந்தத் தைரியத்தில்தான் அக்காவின் மேசைக்கே போய்க் கையை நீட்டினேன். கூட வந்த வீட்டுக்காரர் திருதிருவென்று முழித்தார். "எதுக்கும்மா இப்போ, அண்ணிக்கு வேலை இருக்கும்" என்று துப்பட்டாவை இழுத்தார்.

அக்கா லென்ஸ் வைத்துப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவளிடம் எனக்குப் பிடிக்காததே அதுதான். நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தில் பஞ்சை நனைத்துக் கல்லின் ஓரத்தில் ஒற்றினாள். பஞ்சு நீலமானது.

"சாயம்" என்றாள்.

எனக்கு அழுகை முட்டியது. இந்த மனுஷனை எவனோ ஏமாற்றிவிட்டானே என்றுதான்.

அவரே போட்டு உடைத்தார். "அண்ணி, மொதல்ல வாங்கினது இது இல்ல. அது பச்சையாயிடுச்சு. போலின்னு நீங்க சொல்லிட்டா இவ மூஞ்சில எப்படி முழிக்கிறது? அதான் ராவோட ராவா மோதிரத்தையே மாத்திட்டேன்."

"பழசு எங்க மாப்பிள்ளை? தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"மனசு வரல." பர்ஸிலிருந்து பழைய மோதிரத்தை எடுத்துக் கொடுத்தார்.

லென்ஸ், பஞ்சு, கடைசியில் மெஷின். பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்பவர்கள்போல் நாங்கள் நின்றோம். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

வேலை இடத்தில் அக்கா சிரித்து அன்றுதான் பார்த்தேன். "சாயமும் இல்ல, பிசினும் இல்ல. மண்ணுல இருந்து வந்தபடியே இருக்கு. அதனாலதான்டி நீ தேய்க்கிற எண்ணெயையெல்லாம் குடிச்சிருக்கு. பிசின் ஏத்தியிருந்தா இவ்வளவு சுலபமா நிறம் மாறாது."

"அப்போ அசலை எடுத்துட்டுப் போலியை வச்சேனா?" அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"திரும்ப நீலமாகுமா அக்கா?"

"ஆகாது. போட்டா இன்னும் பச்சையாகும். பீரோல வச்சா இப்படியே இருக்கும்." இவள் என்றைக்குச் சர்க்கரை தடவிப் பேசியிருக்கிறாள்?

நான் போலியைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு அவரிடம் விரலை நீட்டினேன். "பழசையே போட்டு விடுங்க. பார்லருக்கு நேரமாச்சு."

அவர் போட்டுவிடும்போது, கல்லே இல்லாத மேசையை அக்கா லென்ஸ் வைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகிறாளா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவாள்.