மரியாதைக்காக விட்டுப்போன ‘பா’

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக நடந்த வருஷம். விடுதியை மூடிவிட்டதால் புதுச்சேரியிலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறினேன். தியாகதுருகம் தாண்டியதும் சாலையின் குறுக்கே வெட்டிப் போட்ட புளியமரம். பஸ் நின்றது.

பஸ்ஸில் கல்வராயன் மலை பார்க்கப் புறப்பட்ட பிரெஞ்சுக்காரப் பெரியவர் ஒருவர் இருந்தார். மதிப்பெண் சுலபமாகக் கிடைக்குமென்று கல்லூரியில் பிரெஞ்சு எடுத்தவன் நான். வழியெல்லாம் அவரிடம் நலம் விசாரித்தே பஸ்ஸுக்குள் பெரிய ஆளாகியிருந்தேன். அவர் இறங்கி, மறியல் செய்தவர்களை நோக்கிக் காமிராவைத் தூக்கினார்.

கூட்டத்திலிருந்து ஒருவர் என்னிடம் ஓடிவந்தார். “படம் எடுக்க வேணாம்னு சொல்லுங்க தம்பி. மூஞ்சி தெரிஞ்சா கேஸ்ல இழுத்துடுவாங்க. ரெண்டு புள்ளைங்க கீது.”

பிரெஞ்சில் ‘ப்ரனே’ என்றால் எடுங்கள். எடுக்காதீர்கள் என்பதற்கு அதன் முன்னால் ஒரு ‘ந’, பின்னால் ஒரு ‘பா’ போட வேண்டும். பரீட்சையில் சரியாக எழுதியவன்தான். பதற்றத்தில் ‘ந’ தொண்டையிலேயே தங்கிவிட்டது. ‘பா’வாவது வந்திருக்கலாம். ஆனால் எங்கள் பக்கம் ‘வாபா, போபா’ எல்லாம் சமவயசுக்காரனிடம்தான். அந்த நரைத்த தலையைப் பார்த்ததும் நாக்கு மரியாதை பார்த்து அதையும் விழுங்கிவிட்டது. மிஞ்சியது ‘எடுங்கள், எடுங்கள்!’

அவர் நன்றி சொல்லிவிட்டு மூன்று படம் எடுத்தார்.

“இன்னாபா, வேணாம்னு சொல்லச் சொன்னா, நிக்கவெச்சு எடுக்கச் சொல்லிக்கினு கீற?” என்று கத்தினார் ஓடிவந்தவர்.

கூட்டம் பெரியவரைச் சூழ்ந்தது. நோட்டில் முழு வாக்கியத்தையும் எழுதி நீட்டினேன். படித்தார், என்னைப் பார்த்தார், கேஸுக்குப் பயந்தவரின் முகத்தையும் பார்த்தார். காமிராவைத் திறந்து, பிலிம் ரோலை வெயிலில் உருவி அவர் கையில் கொடுத்தார். அதற்கு முந்தைய பத்து நாள் படங்களும் அதில்தான் இருந்தனவாம். அதைக் கோபமில்லாமல் சொன்னார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. பிறகு என் பேனாவை வாங்கி, என் வாக்கியத்தில் மிச்சமிருந்த ஒரு பிழையையும் திருத்திக் கொடுத்தார்.

பஸ் அதற்குமேல் போகாது என்றதால் எல்லோரும் நடந்தோம். ரோலை வாங்கியவர் பெரியவரைக் கைகொடுத்துத் தூக்கி மரத்தைத் தாண்ட வைத்தார். நானாகவே ஏறி விழுந்தேன். யாரும் தூக்கவில்லை, நியாயம்தான்.

இன்றும் யாரையாவது தடுக்கப் போகுமுன் வாக்கியம் கடைசி எழுத்துவரை மனதில் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்கிறேன். நான் விழுங்கிய ஒற்றை எழுத்துக்கு அன்று பத்து நாளைக் கொடுத்தவர் வேறொருவர்.