அழப் பழகிய வாரம்

வலி என்றால் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. இதைச் சொன்னால் சிலர் "கொடுத்துவைத்தவள்" என்கிறார்கள். அவர்களை ஒரு வாரம் எங்கள் அம்மாவிடம் அனுப்பிவைக்க வேண்டும்.

பிறவியிலேயே அப்படித்தான். தொட்டால் தெரியும், கிள்ளினால் யாரோ கிள்ளுகிறார்கள் என்றும் தெரியும். வலி மட்டும் வந்து சேராது. பல் முளைத்த வயதில் என் நாக்கை நானே கடித்துப் புண்ணாக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேனாம். கண்டியில் ஒரு பெரிய டொக்டர், இது பரம்பரையணுவில் உள்ள கோளாறு, மிகவும் அரிது, மருந்து கிடையாது என்று விளக்கி, "பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட்டார். அம்மா அந்தச் சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டாள். மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வந்ததும், லயத்து வரிசை வீடுகளுக்குப் பொதுவான தண்ணீர்ப் பீலியில் கால் கழுவிக்கொண்டே, தன் காலில் அட்டை கடித்திருக்கிறதா என்று தேடுவாள். அது முடிந்ததும் என்னை நிறுத்தி, உச்சி முதல் உள்ளங்கால்வரை காயம் தேடுவாள். மழையானாலும் காய்ச்சலானாலும் அது நிற்காது.

எட்டு வயதில் அந்த ஆணி வந்தது. சப்பாத்தின் அடியைத் துளைத்து உள்ளங்காலுக்குள் போயிருக்கிறது. நான் இடைவேளை முழுவதும் ஓடி விளையாடிவிட்டு வகுப்பில் வந்து உட்கார்ந்தேன். வெள்ளைக் காலுறை சிவப்பாகியிருந்ததைப் பார்த்து "ஐயோ" என்று அலறியது டீச்சர்தான்.

அடுத்த நாள் பெரிய டீச்சர் அம்மாவை அழைத்துப் பேசினார். கெட்ட மனுஷி இல்லை, பயந்துபோயிருந்தார்.

"கோவிச்சுக்காதீங்க. அழுற புள்ளைன்னா ஓடிப்போய்த் தூக்கலாம். அழாத புள்ளைய நாங்க எப்புடிப் பாத்துக்கிறது? கொஞ்ச நாளைக்கு வீட்டுலயே வச்சிருங்க."

வீட்டில் யார் இருக்கிறார்கள்? அப்பா கொழும்பில் கடையில் வேலைக்கு நின்றார். அம்மா மலைக்குப் போக வேண்டும். அதனால் என்னை, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் விட்டார்கள். மூன்றாம் வகுப்புக்காரி நான், தொட்டில் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து கிலுகிலுப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அவமானம் எனக்குப் பொறுக்கவில்லை. எப்படியாவது பள்ளிக்கூடம் போயே தீருவதென்று முடிவெடுத்தேன்.

வழி கண்டுபிடித்தவர் மாமா, அம்மாவின் தம்பி. கொழுந்து லொறியில் வேலை, மற்ற நேரமெல்லாம் டிவி நாடகம்.

"அக்கா, புள்ள அழ மாட்டேங்குதுன்னுதானே பிரச்சினை? அழப் பழக்கிட்டா முடிஞ்சிச்சு. என்கிட்ட வுடு."

பயிற்சி தொடங்கியது. கரண்டிக் காம்பால் மாமா என் முட்டியில் தட்டுவார். மெல்லத் தட்டினால் "ஸ்ஸ்". கொஞ்சம் பலமாகத் தட்டினால் "ஆ". எங்கேயாவது இடித்துக்கொண்டால் நெஞ்சில் கை வைத்து "ஐயோ அம்மா". நான் விடாமல் பழகினேன். கோழிக்கூட்டில் இடித்துக்கொண்டு "ஐயோ அம்மா", வாளியில் இடித்துக்கொண்டு "ஐயோ அம்மா". லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டு ஆட்கள் இரண்டு முறை ஓடிவந்து பார்த்துவிட்டு, மூன்றாம் முறை வரவில்லை.

வெள்ளிக்கிழமை அம்மா, மாமா, நான் மூவரும் பள்ளிக்கூடம் போனோம். காலையிலிருந்து மழை, குறுக்குப் பாதையில் புல்லை மிதித்துக்கொண்டு இறங்கினோம்.

"இப்ப நல்லா அழுறா டீச்சர்," என்றார் மாமா பெருமையாக.

பெரிய டீச்சர் நம்பாமல் என்னைப் பார்த்தார். "உக்காரும்மா" என்று தோளில் கை வைத்தார். அவ்வளவுதான். எனக்கு எதுவும் ஓடவில்லை, நெஞ்சில் கை வைத்து, பள்ளிக்கூடமே கேட்கும்படி "ஐயோ அம்மா!" என்று கத்திவிட்டேன்.

"வலிச்சிச்சா?" என்று கேட்டார்.

"இல்ல டீச்சர்."

மாமா கூரையைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் வெட்கத்தில் தலையைக் குனிந்தேன். குனிந்த இடத்தில் மாமாவின் கால் இருந்தது. செருப்புக்கு மேலே ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. கெண்டைக்காலில் ஓர் அட்டை கொழுத்துத் தொங்கியது.

"மாமா, அட்டை."

"ஐயோ அம்மா!" என்று துள்ளினார் மாமா. எனக்குச் சொல்லிக்கொடுத்ததைவிட நன்றாகவே கத்தினார். அதுவரை அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

நான் நகத்தால் அதை வழித்து எடுத்தேன். பழக்க தோஷத்தில் அம்மாவின் காலையும் பார்த்தேன். பிறகு என் சப்பாத்தைக் கழற்றி என் காலையும் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு அந்த விஷயம் பளிச்சென்று பட்டது.

"அட்ட கடிச்சா யாருக்குமே வலிக்காதுல்ல? எல்லாரும் பாத்துத்தானே எடுக்குறீங்க? நானும் பாத்துக்குறேன் டீச்சர். ஒங்க காலையும் பாக்கட்டுமா?"

பெரிய டீச்சர் சேலைக் கரையைக் கணுக்கால் வரைக்கும் தூக்கிக் காட்டினார். அட்டை இல்லை.

"மணி அடிக்கிற நேரமெல்லாம் ஒன்னைய நீ பாக்கணும். கை, கால், வாய், எல்லாம். பாத்துட்டு டீச்சர்கிட்ட வந்து சொல்லணும். செய்வியா?"

செய்வேன் என்றேன். இன்றும், எங்கே மணி அடித்தாலும், என் கண் முதலில் காலுக்குத்தான் போகிறது.

திரும்பி ஏறும்போது அம்மாவிடம் கேட்டேன், வலித்தால் எப்படி இருக்கும் என்று. அம்மா மேடு ஏறி முடியும்வரை யோசித்தாள்.

"யாரோ நம்மளக் கூப்புடுற மாதிரி இருக்கும் பாப்பா. திரும்பிப் பாக்குற வரைக்கும் வுடாது."

திங்கட்கிழமை காலை பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்துக்கு இறங்கினேன். மேலே மலையில், கூடையை மாட்டிக்கொண்டு அம்மா நின்றாள்.

"பாத்துப் போ பாப்பா!"

கையைக் காட்டினேன். பத்தடி போனதும் மறுபடியும் கூப்பிட்டாள். மறுபடியும். கொழுந்து பறிக்கும் மற்ற அக்காமார் சிரித்தார்கள், கூட வந்த பிள்ளைகளும் சிரித்தார்கள். எனக்கு ஒரே வெட்கமாகப் போய்விட்டது. அதுதான் காலைப் பார்த்துப் பார்த்து நடக்கிறேனே, இன்னும் எதற்கு இந்த அம்மா விடாமல் கூப்பிடுகிறாள் என்று எரிச்சல்பட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே வளைவைத் தாண்டினேன்.