நாலாவது தொட்டி

சென்ற வாரம் வேதாரண்யம் பக்கம் ஒரு சமாதானக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். தாசில்தார் ஆபீஸில் நடந்தது. கொடிக்கம்பத் தகராறா, வரப்புச் சண்டையா என்று கேட்பீர்கள். இல்லை... வாய்க்காலில் இறால் செத்துப்போன விவகாரம்.

சிரித்துவிடாதீர்கள். அந்த இறாலை நம்பித்தான் அஞ்சம்மாளும் அவர் தெருப் பெண்களும் அடுப்பு மூட்டுகிறார்கள். தண்ணீரில் இறங்கி, ஓலையில் பின்னிய பறிக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவி இறால் பிடிப்பவர்கள். முன்பு நடவுக்குப் போனவர்கள். குத்தகை உரிமைக்காகக் கொடி பிடித்து அடி வாங்கிய தெரு அது. அந்த வயல்கள் இப்போது இறால் பண்ணை. நிலம் போய், மிச்சமிருந்தது வாய்க்கால்தான். அதிலும் ஒரு காலையில் இறால் கூட்டங்கூட்டமாகச் செத்து ஒதுங்கியது.

யார் காரணம்? மூன்று பேரை அழைத்திருந்தார்கள். பண்ணைக்காரர், குட்டையில் பாசியைக் கொல்ல மயில்துத்தம் போடுகிறவர் — தாமிரம் கலந்த அந்த நீல உப்பேதான். அந்தத் தண்ணீர் வாய்க்காலுக்கு வருகிறது. ரைஸ்மில்காரர், நெல் ஊறவைத்த நாற்றத் தண்ணீரை விடுகிறவர். மூன்றாமவர் பொதுப்பணி இன்ஜினியர். ஆற்றில் வரத்து இல்லை என்று மதகை மூடிவிட்டார். வாய்க்கால் கணுக்கால் அளவுக்கு வற்றி வெயிலில் கொதிக்கிறது.

பண்ணைக்காரரும் மில்காரரும் வேறு வேறு கரை வேட்டி. மேடை ஏறினால் ஒருவரை ஒருவர் கிழித்துத் தொங்கவிடுவார்கள். அன்று ஒரே பெஞ்ச்!

தாசில்தார் ஒரு விலங்கியல் பேராசிரியரைச் சோதித்துப் பார்க்கச் சொல்லியிருந்தார். அவர் எழுந்தார்.

"முதல் தொட்டியில துத்தம் மட்டும் கலந்தேன். வாய்க்கால்ல இருக்குற அதே அளவு. இறால் சாகலை. அடுத்ததுல மில் தண்ணி மட்டும். சாகலை. மூணாவதுல வெயில் சூடு மட்டும். அதுலயும் சாகலை."

"நான்தான் அப்பவே சொன்னேனே சார்!" என்றார் பண்ணைக்காரர்.

"இருங்க. நாலாவது தொட்டியில அந்த மூணையும் ஒண்ணா சேத்தேன். ஒரு சொட்டு கூட அதிகமில்லை. சாயங்காலத்துக்குள்ள அத்தனையும் செத்துப்போச்சு."



"தண்ணி சூடானா இறாலுக்கு மூச்சு வாங்கும். நாத்தத் தண்ணியில பிராணவாயு கம்மி, அதனால செவுளை இன்னும் வேகமா ஆட்டும். ஆட்ட ஆட்டத் துத்தம் உள்ள போகும். தெம்பா இருந்தா தாங்கியிருக்கும். ஏற்கெனவே தவிச்சுக்கிட்டு இருக்கறது எப்படிங்க தாங்கும்? மூணுல ஏதாவது ஒண்ணை விட்டுட்டும் பாத்தேன், சாகலை."

தாசில்தார் பேனாவை எடுத்தார். "அப்ப யார் பேரை எழுத?"

"மூணு பேரையும் எழுதுங்க."

"அதெப்படி சார்?" மில்காரர் பாய்ந்தார். "என் தொட்டியில உசுரோடதானே இருந்துச்சு?"

யாரும் பொய் சொல்லவில்லை. சிக்கலே அதுதான். திருடனை, கொலைகாரனை நமக்குப் பிடிக்கத் தெரியும். ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டு, சேர்ந்து கொன்றால்? ஒவ்வொருவரும் நிம்மதியாகத் தூங்கலாம். வாய்க்காலில் மட்டுமா இப்படி நடக்கிறது?

அதுவரை சுவரோரம் நின்றிருந்த அஞ்சம்மாள் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"அய்யா, யாரையும் பிடிச்சு உள்ள போடுங்கன்னு நாங்க கேக்கலைங்க. மதகைக் கொஞ்சம் தொறக்கட்டும். இல்ல, இவங்க ரெண்டு பேருல ஒருத்தராவது நிறுத்தட்டும். ஏதாவது ஒண்ணு கொறைஞ்சாலே பொழைச்சுக்கும்னுதானே சார் சொல்றாரு? அது பொழைச்சா நாங்களும் பொழைச்சுக்குவோங்க."

எவ்வளவு சின்ன வேண்டுகோள்! பண்ணைக்காரர் மில்காரரைப் பார்த்தார். மில்காரர் இன்ஜினியரைப் பார்த்தார். இன்ஜினியர், மேலிடத்து உத்தரவு வேண்டும் என்று மேலே பார்த்தார். அங்கே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

நேற்று அந்த வழியாகப் பஸ்ஸில் வந்தேன். வாய்க்கால் கரையில் புது போர்டு. தண்ணீர் உடல்நலத்துக்குக் கேடாம். இறால் பிடிக்க யாரும் இறங்கக் கூடாதாம். மீறினால் நடவடிக்கையாம். மதகு மூடியே கிடந்தது. பண்ணைக் குழாய், மில் குழாய் இரண்டிலும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

ஏதாவது ஒன்றை நிறுத்துங்கள் என்றுதானே கேட்டார் அஞ்சம்மாள்? நிறுத்திவிட்டார்கள்... அவரை.