ரெண்டு பேர் டெண்ட்

கூடுவாஞ்சேரி ஜெயகிருஷ்ணனிடம் ஒரு காரியத்தைச் சொல்லிவிட்டால் அது முடிந்த மாதிரிதான். தாம்பரத்தில் ஒரு பள்ளியில் அவர் ஃபிசிக்ஸ் வாத்தியார். எவர் லீவு போட்டாலும் அந்த வகுப்பு இவர் தலையில்தான் விழும். குடியிருக்கும் அப்பார்ட்மெண்டில் தண்ணி லாரிக்குப் போன் போடுவதும், லிஃப்ட் ரிப்பேர்காரரைத் துரத்திப் பிடிப்பதும் இவரேதான். மனுஷனுக்கு ‘முடியாது’ என்ற வார்த்தை மட்டும் வாயில் வராது. தங்கமான மனுஷன் என்று எல்லோரும் சொன்னார்கள். தங்கத்தைக் கட்டிக்கொண்டவள் பாடு எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை.

கட்டிக்கொண்டவள் மிருதுளா. கல்யாணமான புதிதில் இருவரும் ஊட்டிக்குத் தேனிலவு போனார்கள். இருவரும் என்றால், கூடவே ஜெயகிருஷ்ணனின் அக்கா அபிதகுஜாம்பாள், அவள் வீட்டுக்காரர், பிள்ளைகள், சித்தப்பா, சித்தி என்று ஒரு வேன் நிறைய ஆட்கள். ஆசையாகக் கேட்டார்கள், வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? முதுமலைக் காட்டு வழியாக மைசூருக்கு இறங்கும்போது புதுப்பெண் கடைசி சீட்டில், புது மாப்பிள்ளை முன் சீட்டில் டிரைவருக்குப் பேச்சுத் துணை. அதையெல்லாம் அவர் எப்போதோ மறந்துவிட்டார்.

இந்த வருஷம் மகள் அஞ்சலி படிப்புக்காகக் கோவைக்கு ஹாஸ்டலுக்குப் போனாள். வீடு வெறிச்சோடிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காபி டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு மிருதுளா கேட்டாள்: “முதுமலை பக்கம் டெண்ட்ல தங்கலாமாங்க? நாம ரெண்டு பேர் மட்டும்.”

இத்தனை வருஷத்தில் தனக்கென்று அவள் வாய்விட்டுக் கேட்டதே அதுதான். ஜெயகிருஷ்ணனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அன்றைக்கே தேடி, காட்டை ஒட்டி அனுமதியோடு டெண்ட் போட்டுத் தரும் இடமொன்றைப் பிடித்து, ரெண்டு பேர் படுக்கிற மாதிரி சின்னதாக ஒன்றுக்குச் சொல்லி வைத்தார். மிருதுளா பீரோவின் அடியிலிருந்து தேனிலவு ஸ்வெட்டரை எடுத்து மொட்டைமாடியில் காயப்போட்டாள்.

அந்த ஸ்வெட்டர்தான் காட்டிக்கொடுத்தது. “இந்த வெயில்ல ஸ்வெட்டர் எதுக்கு?” என்று கீழ்வீட்டு தோத்தாத்ரி சார் விசாரித்தார். நம் ஆள் உள்ளதைச் சொல்லித் தொலைத்தார்.

“பேஷ்! எங்காத்துக்கும் ரெண்டு சீட் போட்டுக்கோங்கோ. வெங்காயம் போடாத சாப்பாடு கிடைக்குமோ?”

“கேட்டுப் பாக்கறேன் சார்.”

அதோடு விட்டாரா? சாயங்காலம் பம்மலிலிருந்து அக்கா போன் செய்தபோது அவளிடமும் உளறினார். அவ்வளவுதான். யானைப் படம் போட்டு வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் முளைத்தது. மறுநாளே வேன் பேச்சு வந்தது, அதற்கடுத்து சமையல்காரர் பேச்சு.

மிருதுளா சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. ஸ்வெட்டரை மடித்துப் பழையபடி பீரோவில் வைத்தாள். “நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க. நான் வீட்டைப் பாத்துக்கறேன்” என்றாள். குரலில் கோபமே இல்லை, எல்லாம் பழகிப்போன குரல். அதுதான் ஜெயகிருஷ்ணனைச் சுருக்கென்று தைத்தது. அன்றைக்கு வகுப்பில் பாடம் ஓடவில்லை. இவள் இல்லாமல் அந்தக் காட்டில் தனக்கு என்ன வேலை என்று இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்குப் போன் போட்டார்.

“டெண்ட் எல்லாம் ஃபுல் ஆயிடுச்சாம்க்கா.”

“யார் சொன்னா? இப்பதான் நானே கேட்டேன். நிறைய காலியா இருக்காமே!”

பொய் சொல்லவும் துப்பில்லாத மனுஷன். சமையலறையில் தோசை வார்க்கும் சத்தம் நின்றிருந்தது.

“அக்கா, வேன் வேண்டாம். நானும் மிருதுளாவும் மட்டும் போறோம்.”

“நாங்க வந்தா உனக்கு இடைஞ்சலாடா?”

எப்போதும் இந்த இடத்தில்தான் அவர் கவிழ்வார். ‘ஐயோ, அப்படியெல்லாம் இல்லக்கா’ என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினார்.

“ஆமாக்கா. இந்த ஒரு தடவை.”

அக்கா போனை வைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் குரூப்பில் ஒரு செய்தி வந்து விழுந்தது: ‘டூர் கேன்சல்.’ அதன் பின்னால் அவருக்கு மட்டும் தனியாக இன்னொன்று: ‘அங்க குளிரும். அவளுக்குக் கம்பளி எடுத்துட்டுப் போ.’ கோபத்தில்தான் அனுப்பியிருப்பாள். ஆனாலும் அக்கா அக்காதானே.

நிமிர்ந்து பார்த்தார். தோசைத் திருப்பியும் கையுமாக மிருதுளா சமையலறை வாசற்படியில் நின்றாள். உள்ளே தோசை தீய்ந்துகொண்டிருந்தது.

“தோத்தாத்ரி சாருக்கு?” என்றாள்.

“இப்பவே கீழ போய் சொல்லிட்டு வரேன்.”

“இருங்க.” அவள் உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். “அப்ப ஊட்டிலேர்ந்து வரும்போது, முதுமலையில ஒரு யானை குட்டியோட நின்னுதுங்க. உங்களுக்குக் காட்டணும்னு திரும்பினேன். பக்கத்துல சித்தி தூங்கிட்டிருந்தாங்க.”

இதை இத்தனை வருஷமும் அவள் சொன்னதே இல்லை. ஜெயகிருஷ்ணனுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

“இந்தத் தடவை நான்தான் பக்கத்துல இருப்பேன்” என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு, லிஃப்டுக்குக்கூட நிற்காமல், தோத்தாத்ரி சார் வீட்டுக்குப் படியிறங்கினார்.