நாலாவது தட்டு

ஆட்டக்கூடத்துக்குள் யார் நுழைந்தாலும் அனிசே முதலில் பார்ப்பது முகத்தை அல்ல, காதை. காதிடுக்கில் பென்சில் இருக்கிறதா? இல்லையென்றால் சட்டைப்பை. அதிலும் இல்லையென்றால் சரி, ஆளை உட்கார விடலாம். அதற்கப்புறம்தான் பீகின் நடனத்துக்குத் தாளக் குச்சிகளைக் கையில் எடுப்பார்.

மார்த்தினிக் தீவின் துறைமுகத்தில் ரம் கிடங்குக்குக் காவல் அவர். பீப்பாயை விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினால் எத்தனை குப்பி குறைகிறது என்று சொல்லிவிடுவார். வணக்கம் சொன்னால்கூட "எதுக்கு?" என்று கேட்கிற பிறவி. சனிக்கிழமை சாயங்காலம் மத்தளத்தின் மர உடம்பில் இரண்டு குச்சிகளால் தாளம் போடுவார். ஐந்து தட்டு, மொத்த ஆட்டமும் அதன்மேல்தான் நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரன் கேட்டுவிடுவானாம், வீட்டில் ஒருநாளும் தட்டியதில்லை. மகள் லியோன்தீனைக் கூடத்துப் பக்கம் விட்டதுமில்லை.

பாரீஸிலிருந்து இசை எழுதுகிற கனவான்கள் கப்பலேறி வந்து, ஓரமாக உட்கார்ந்து கிறுக்கிக்கொண்டு போவார்கள். "ஆடாதவனுக்கு இங்க என்ன வேலை? காதாலயே திருடுறான்" என்பார் அனிசே. பென்சிலைக் கண்டால் நாலாவது தட்டை விழுங்கிவிடுவார். ஆடுகிறவர்களுக்குத் தாளம் காலிலேயே இருக்கிறது, ஒருவரும் தடுமாறமாட்டார்கள். கூட வாசிக்கிற கிளாரினெட்காரர் மட்டும் சிரிப்பை அடக்க முடியாமல் திணறுவார். நாலு வருஷத்துக்கு முன்னால் வந்த ஓர் ஒல்லி மனிதர் மூன்று சனிக்கிழமை அந்த நொண்டித் தாளத்தையே பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, போகும்போது அனிசேயின் கையையும் குலுக்கிவிட்டுப் போனார். ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார் நம் ஆள்.

போன வாரம் அந்தச் சிரிப்பு போயிற்று. லியோன்தீன் பியானோ படிக்கிறாள். ஊர் அரங்கில் அவளுடைய முதல் கச்சேரி வருகிறது. ஆசிரியை கொடுத்த அச்சுத்தாளை வைத்து வாசித்துக்கொண்டிருந்தாள். பாரீஸ் வாத்தியக் குழுவுக்காக அந்த ஒல்லி மனிதர் எழுதி, பியானோவுக்கு மாற்றி அச்சானது, தலைப்பில் தீவின் பெயர். வரிக்கு வரி அதே நொண்டல். அனிசே எழுந்து வந்தார்.

"நாலாவது எங்கடி?" என்று பியானோ மூடிமேல் ஐந்தையும் தட்டிக் காட்டினார்.

"நீங்கதான்பா ஒண்ணு கூட அடிக்கிறீங்க. பாரீஸ்லேயே அச்சடிச்சு வந்திருக்கு. பள்ளிக்கூடத்துல எல்லாரும் இப்படித்தான் வாசிக்கிறோம்."

வேறு வழியில்லாமல் நடந்ததைச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை.

"அவரை ஏமாத்துனீங்க, சரி. எங்களுக்கு எப்போ சொல்றதா இருந்தீங்க?"

அனிசே அச்சுத்தாளைத் தம் பக்கம் இழுத்தார்.

"அந்தப் பென்சிலைக் கொடு."

அவர் வாயிலா இந்த வார்த்தை என்று அவள் விழித்தபடியே நீட்டினாள். இசைக்குறி எதுவும் அவருக்குத் தெரியாது. நாலாவது தட்டு விழவேண்டிய இடத்தை அவள் விரல் வைத்துக் காட்டக் காட்ட, அங்கெல்லாம் கடைசிப் பக்கம்வரை அழுத்தமாக ஒரு கோடு போட்டார். பிறகு பென்சிலை அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, பியானோமேல் கிடந்த ரப்பரை எடுத்துத் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.