முன்னால் நின்ற ஆள்

2024 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை பிற்பகல், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு ரோலிங் மில்லின் உலை வாசலில் இரும்புக் கட்டி சிக்கிக்கொண்டது.

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். என் மீட்டர் காட்டியதையும் காதில் விழுந்ததையும் மட்டும் எழுதுகிறேன்.

எரிந்த வாயு எவ்வளவு அனல் வீசும் என்று கணிப்பது என் வேலை. கட்டியை இழுக்க வேண்டியவர் ஸ்டீவன். வாசலில் அவர் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதை நான் சொல்ல வேண்டும்.

"இன்னா சார், தீயே காணோம். சும்மா கணக்கு போட்டுக்கினு கீறீங்க," என்று சிரித்தார்.

தீயை அணைத்திருந்தார்கள். உள்ளே காற்று கண்ணாடிபோலத் தெளிந்திருந்தது. ஆனால் அதிலிருந்த கரியமில வாயுவும் நீராவியும் கண்ணுக்குத் தெரியாமலே அனல் வீசும். அந்தப் பங்கையும் உலைச் சுவரின் சிவந்த செங்கல்லின் பங்கையும் கூட்டியிருந்தேன். சதுர மீட்டருக்கு ஒன்பது கிலோவாட். வெப்பம் தாங்கும் அங்கியும் முகக்கவசமும் அணிந்து வாசலுக்கு எதிரே போய், அனலை அளக்கும் மீட்டரை நீட்டினேன். ஒன்பது. வெறும் தோல் பத்து நொடிகூடத் தாங்காது.

அந்த உலையில் இருவராகத்தான் வேலை. முன்னவர் அனலை வாங்குவார். பின்னவர் அவர் மறைவில் நிற்பார். தாங்காதபோது முன்னவர் "மாத்து" என்பார். பின்னவர் உடனே முன்னால் போக வேண்டும்.

அன்று ஸ்டீவன் என் மறைவில் நின்றார்.

மணி 3.40. என் முகம் சட்டென்று குளிர்ந்தது. மீட்டரில் இரண்டு.

உலைக் கதவு திறந்தேதான் இருந்தது. உலையின் வெப்பமானி அசையவில்லை.

மீட்டரை இடப்பக்கம் நகர்த்தினேன். ஒன்பது. வலப்பக்கம். ஒன்பது. தலைக்கு மேல் தூக்கினேன். ஒன்பது.

நடுவில் மட்டும் இரண்டு...

ஓர் ஆள் அகலம். ஓர் ஆள் உயரம்.

"கம்மி ஆயிடுச்சா சார்? போய் இஸ்துக்கினு வந்துடறேன்."

"இருங்க. இது சரியில்ல."

அப்போது கேட்டது. எனக்கு முன்னால். கையெட்டும் தூரத்தில். வறண்ட தொண்டை.

"மாத்து..."

ஸ்டீவனின் சிரிப்பு நின்றது.

"மாத்துடா..."

"இதோ வந்துட்டேன் தானி."

என்னிடம் சொல்லவில்லை.

ஸ்டீவனின் சட்டையைப் பிடித்தேன். கிழிந்து கையோடு வந்தது.

அவர் முன்னால் போனார். என் தோளை உரசிக்கொண்டு ஏதோ பின்னால் போனது.

உஸ்ஸ்...

வாசலிலிருந்து அனல் பீறிட்டது.

ஆலையின் பாதுகாப்பு அதிகாரி சுமலதா பிறகுதான் சொன்னார். முந்தைய ஆண்டு அதே வாசலில் தானியேல் என்பவர் கருகி இறந்திருந்தார். அவர் "மாத்து, மாத்து" என்று கூப்பிட்டதை மேலே கிரேனில் இருந்தவர் கேட்டிருக்கிறார். பின்னால் நிற்க வேண்டியவர் போன் பேச வெளியே போயிருந்தார்.

அவர் ஸ்டீவன்.

மருத்துவமனையில் ஸ்டீவன் ஒரே சொல்லைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார் என்று அவர் மனைவி மெர்சி சொன்னார். "மாத்து."

ஸ்டீவன் வியாழக்கிழமை காலை இறந்தார். உலையைச் சனிக்கிழமை மறுபடி பற்றவைத்தார்கள்.