சண்டர்லேண்ட் இன்ஜினுக்கு வைத்த பொட்டு

இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையில் இருக்கும் சண்டர்லேண்டில், செவ்வாய்க்கிழமை காலைகளில் எங்கள் ஓவியக் குழு கூடும் அறைக்கு வெளியே நின்று கேட்டால், உள்ளே அழகு நிலையம் நடக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஏழெட்டுப் பேர் தலைமுடி உலர்த்தும் கருவியை வைத்துக்கொண்டு படங்களை உலர்த்திக்கொண்டிருப்போம். இந்த ஊர் ஈரத்தில் நீர்வண்ணம் லேசில் காயாது. வானத்துக்கு ஒரு பூச்சு கொடுத்துவிட்டு, டீ குடித்து, பிஸ்கட் தின்று, எல்லாருடைய முழங்கால் வலியையும் விசாரித்துவிட்டு வந்தாலும் வானம் ஈரமாகவே இருக்கும். காரைக்குடிப் பக்கம் இதே வண்ணத்தை இதே காகிதத்தில் வைத்தால், தூரிகையைத் தண்ணீரில் முக்கி எடுப்பதற்குள் காய்ந்து விளிம்பு கட்டிவிடுகிறது. ஊருக்குப் போனால் ஒரு வாரம் வேகத்துக்குப் பழக வேண்டும். திரும்பி வந்தால் ஒரு வாரம் பொறுமைக்குப் பழக வேண்டும். இரண்டாவதுதான் எனக்குக் கஷ்டம். பொறுமை என் கூடப் பிறக்கவில்லை.

எனக்குச் சொந்த ஊர் நாச்சியாபுரம். இங்கே ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை. எங்கள் குழுவில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். அவர்கள் வரைவது எல்லாம் இந்த ஆற்றங்கரையில் கட்டிய பழைய கப்பல்கள், இடிக்கப்பட்ட பட்டறைகள், இப்போது இல்லாத பாரந்தூக்கிகள். நானும் ஆறு வருடமாகக் கப்பல் வரைகிறேன். வருடாந்தரக் கண்காட்சிக்கு என் படம் ஒருமுறைகூடத் தேர்வானதில்லை. தேர்வு செய்வதில் முக்கியமானவர் கென். இளவயதில் கப்பல் இன்ஜின் பட்டறையில் பாகங்களைப் பொருத்தும் ஃபிட்டராக இருந்தவர். என் முதல் கப்பலைப் பார்த்துவிட்டு, “நீங்கள் இதில் ஏறியதே இல்லை, அப்படித்தானே?” என்றார். பயணத்தைப் பற்றி அன்பாக விசாரிக்கிறார் என்று நினைத்து, நான் எப்போதும் விமானத்தில்தான் வருவேன், திருச்சியிலிருந்து இரண்டு விமானம் மாற வேண்டும் என்றெல்லாம் விவரமாகச் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஏறியவர் யாரும் ஏணியை அந்த இடத்தில் வரைய மாட்டார்கள் என்பதுதான் அவர் சொன்னது என்று எனக்கு விளங்க ஒரு வாரம் ஆயிற்று.

போன கோடையில் டீ நேரத்தில் அவரிடம் என் போனில் ஒரு படம் காட்டினேன். எங்கள் குடும்பத்து அரிசி மில்லில் இருக்கும் பழைய நீராவி இன்ஜின். மில்லுக்குக் கரண்டு வந்து பல காலம் ஆகிவிட்டது. நெல் அவிக்கும் பாய்லர்கூடப் புதுசு. ஆனால் இந்த இன்ஜினை மட்டும் யாரும் பெயர்த்து விற்கவில்லை. அதன் வயிற்றில் ஒரு வார்ப்பிரும்புப் பட்டயத்தில் ‘சண்டர்லேண்ட்’ என்று ஆங்கிலத்தில் இருக்கும். சின்ன வயதில் நானும் அண்ணனும் அது இன்ஜினுடைய பெயர் என்றே நினைத்திருந்தோம். சண்டர்லேண்டுக்கு எண்ணெய் விட்டாச்சா, சண்டர்லேண்டு இன்றைக்கு இருமுகிறதே என்று வீட்டில் பேசுவோம். பின்னாளில் நான் விண்ணப்பம் போட்ட பல ஆஸ்பத்திரிகளில் ஒன்று அந்தப் பெயருள்ள ஊரில் இருந்தது, கூப்பிட்டதும் அதுதான். அம்மா ஊராரிடம், “மக இன்ஜின் ஊருக்கே போயிட்டா” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கென் என் போனை வாங்கி விரல்களால் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனார். அவர் வேலை பழகிய பட்டறையில் அவருக்கு வெகு காலம் முன்பு செய்தது என்றார். “நீங்கள் ஏன் கப்பலோடு மல்லுக்கட்டுகிறீர்கள்? இதை வரையுங்கள். நன்றாக வந்தால் கண்காட்சியில் நடுச் சுவர்” என்றார். அன்று வீடு வந்து சேரும்வரை எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இருபது வருடம் இந்த ஊரில் வரி கட்டி, குப்பையைக் கிழமை பார்த்து வெளியே வைத்து, மழையைப் பற்றிச் சலிக்காமல் பேசியும் கிடைக்காத ஒன்று அந்தச் சுவரில் கிடைக்கும் என்று தோன்றியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது மிகவும் வேண்டியிருந்தது.

அக்டோபரில் பத்து நாள் விடுப்பில் ஊருக்குப் போனேன். கடைசி ஐந்து நாட்களும் காலை எட்டு மணிக்கு மில்லில் இன்ஜின் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். காகிதம் காயாமல் இருக்க அடியில் ஈரத்துணி விரித்தேன். மில்லைப் பார்த்துக்கொள்ளும் கருப்பையா அண்ணன் அவ்வப்போது பின்னால் வந்து நின்று பார்ப்பார். இன்ஜின் ஓடிய கடைசிக் காலத்தில் அதை ஓட்டியவர் அவர்தான். இப்போதும் மாதம் ஒருமுறை துடைத்து எண்ணெய் போடுகிறார். ஒன்றும் சொல்ல மாட்டார். “வெக்கையா இருக்கு, ஃபேனை இங்குட்டுத் திருப்பி வைக்கவா தங்கச்சி?” என்பார், அவ்வளவுதான். நீர்வண்ணத்தில் வெள்ளையைப் பூசுவதில்லை. எங்கே வெளிச்சம் வேண்டுமோ அங்கே காகிதத்தை வெறுமனே விட்டுவிட வேண்டும். ஜன்னல் வெயில் பட்டு, பெரிய சக்கரத்தின் நடுக்குடம் மின்னும். அந்த மினுக்கலுக்காக ஒரு ரூபாய் அளவுக்கு ஒரு வட்டத்தை நான்கு நாள் ஒரு பொட்டு வண்ணம் படாமல் காப்பாற்றி வைத்திருந்தேன். என் ஆயுளில் நான் விட்ட மிக நல்ல வெள்ளை அது.

ஐந்தாம் நாள் ஆயுதபூஜை. மறுநாள் எனக்கு விமானம். முடிந்த படத்தை இன்ஜின் பக்கத்திலேயே ஸ்டூலில் சாய்த்துவிட்டு, குளித்து உடை மாற்ற வீட்டுக்குப் போனேன். திரும்பி வந்தபோது மில் முழுக்க வாழைக்கன்று, மாவிலை, பொரிகடலை வாசம். மோட்டார், எடை மிஷின், ஸ்பேனர், சுத்தியல், அண்ணனின் பைக், என் தூரிகை டப்பா எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். படத்துக்கும் வைத்திருந்தார்கள். மூலையில் வைத்திருந்தாலாவது வெட்டி எறிந்திருப்பேன். சக்கரத்தின் நடுக்குடத்தில், சரியாக அந்த வெள்ளை வட்டத்தில், ஈரச் சந்தனமும் அதன்மேல் குங்குமமும்.

கருப்பையா அண்ணன் தட்டோடு நின்றார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. “மெசினுக்கு வச்சுட்டுப் படத்துல உள்ளதை மொட்டையா விட முடியுமா தங்கச்சி? நீங்களும் பொட்டுக்குன்னே நடுவுல எடம் விட்டு வச்சிருந்தீகளே” என்றார்.

நனைத்த பஞ்சால் ஒற்றி எடுத்துப் பார்த்தேன். சந்தனம் வந்தது, சிவப்பு காகிதத்துக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டது. “அது பொட்டுக்கு விட்ட எடம் இல்லண்ணே, வெளிச்சம்! ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தொடக் கூடாதா? இதோட அருமை உங்களுக்கு எங்க தெரியப் போகுது!” என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். “பூசை நாளும் அதுவுமா என்ன ஆத்தா இது” என்று என் அண்ணன் அதட்டினான். கருப்பையா அண்ணன் தட்டைக் கீழே வைத்துவிட்டு அடுத்த மிஷினைத் துணியால் துடைக்கப் போனார். மறுநாள் நான் கிளம்பும்போது பெட்டி தூக்க வருகிறவர், வரவில்லை. விமானத்தில் படத்தை நினைத்து அழுததாகத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் மிஷினைத் துடைத்த விதம்தான் கண்ணுக்குள் நின்றது.

படங்களைக் கொடுக்கக் கடைசி நாள் நான் வந்து இறங்கிய மறுநாள். வேறு வழியில்லாமல் பொட்டோடு கொண்டுபோனேன். கென் கண்ணாடியை மாற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “இந்தச் சிவப்பு என்ன?” என்றார். வருடத்தில் ஒரு நாள் எங்கள் ஊரில் கருவிகளுக்கெல்லாம் ஓய்வு கொடுத்துப் பூஜை செய்வோம், அன்றைக்கு இடுகிற பொட்டு என்று சொன்னேன்.

“நிஜ இன்ஜினிலும் இது இருக்கிறதா?”

“இருக்கிறது. இதே இடத்தில்.”

“அப்படியானால் படத்திலும் இருக்கத்தானே வேண்டும்” என்றார், சாதாரணமாக. நான் மூச்சு விட்டேன். அவர் விரல் நகர்ந்து வேறோர் இடத்தில் நின்றது. நீராவியைத் திறந்து மூடும் வால்வு. “இதுதான் தப்பு. இதைத் திறக்கப் போகிறவன் ஓடுகிற சக்கரத்துக்குள் கையை விட வேண்டும். எங்கள் பட்டறையில் இப்படிச் செய்யவே மாட்டார்கள்.” உண்மைதான். வால்வு நிஜத்தில் இடப்பக்கம் சுவரோரம் இருக்கிறது. படத்தில் இடப்பக்கம் நெரிசலாகத் தெரிந்ததால், அழகுக்காக நான்தான் அதை வலப்பக்கம் மாற்றியிருந்தேன். இருந்தும் படம் நடுச் சுவருக்குப் போயிற்று. வால்வைப் பற்றி ஒரு குறிப்பு ஒட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு.

கண்காட்சி அன்று காலை பதினொரு மணிக்கு, ஊரில் மாலை நாலரை இருக்கும், மில்லுக்கு வீடியோவில் கூப்பிட்டேன். கருப்பையா அண்ணன் முகம் திரையில் வந்தது. “அண்ணே, அன்னைக்கு நான் பேசுனது ரொம்பத் தப்பு. மன்னிச்சிருங்க” என்றேன்.

“அதை விடுங்க தங்கச்சி. படத்தைச் சுவத்துல மாட்டிட்டாகளா? காட்டுங்க” என்றார். காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். “எல்லாம் சரி, அந்த வால்வை ஏன் அங்குட்டு வச்சீக? தொறக்கப் போனா கை போயிரும்ல? அன்னைக்கே பாத்தேன். சொன்னா கோவிச்சுக்கிருவீகன்னு விட்டுட்டேன்” என்றார்.

பக்கத்தில் நின்ற கென், அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். சொன்னேன். அவ்வளவுதான், போனை என் கையிலிருந்து கிட்டத்தட்டப் பிடுங்கிக்கொண்டார். இந்தப் பக்கம் கென் படத்தில் விரல் வைத்து ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல, அந்தப் பக்கம் கருப்பையா அண்ணன் நிஜ இன்ஜினுக்கே போனைத் தூக்கிக்கொண்டு போய், வால்வைத் திருகிக் காட்டி, “இங்க பாருங்க சார், இங்குட்டு” என்றார். முதலில் மொழிபெயர்த்தேன். பிறகு என்னை யாரும் கேட்கவில்லை. இருவரும் ஒரே சமயத்தில் தலையை ஆட்டி, கையை இழுத்துக்கொள்வதுபோல நடித்து, ஒரே மாதிரி உச்சுக்கொட்டினார்கள். என் இரண்டு ஊர்களும் ஒன்று சேர்ந்து என்னைக் குறை சொல்லிக்கொண்டிருந்தன. நடுவில் நின்ற எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.